பிள்ளையின் போதைப் பழக்கம்: பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

போதைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும் இடங்களில் எல்லாம் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்பவர்களின் பேச்சிலேயே விட்டுவைத்து, ஆராய்ச்சிகள் காட்டியதை ஒட்டிப் பதில் எழுதியிருக்கிறோம். 12 முதல் 21 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது. மகனைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள் என்பதால் "அவன்" என்று வருகிறது. மகள்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அவர்கள் விஷயத்தில் வீடு மூடி மறைப்பதால் இன்னும் தாமதமாகத்தான் சிகிச்சைக்கு வருகிறார்கள்.

"ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்னு சொல்றான். இதுக்கே பயப்படணுமா?"

ஒருமுறை தொட்டவர்கள் எல்லோரும் அடிமையாவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை. ஆனால் எந்த வயதில் தொட்டான் என்பது முக்கியம். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள் என்றும், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்தான் என்றும் 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கஞ்சாவிலும் இப்படித்தான்: தொட்டவர்களில் மொத்தத்தில் சுமார் 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள் என்றால், பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர்.

மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி முதலில் வேகமெடுக்கிறது. "வேண்டாம், நில்" என்று சொல்லும் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது. அந்த இடைவெளியில் பழகும் எதுவும் ஆழமாகப் பதிகிறது. ஆகவே ஒருமுறை என்றால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

"இப்போ பசங்க என்னதான் யூஸ் பண்றாங்க?"

மத்திய சமூக நீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வுதான் நம்மிடம் உள்ள பெரிய கணக்கு. சுமார் 2 லட்சம் வீடுகளில் எடுத்தது. அதில் நம் கண்ணில் உறுத்த வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது: மற்ற எல்லாப் போதைப் பொருள்களிலும் பெரியவர்களின் விகிதம்தான் அதிகம், முகர்ந்து இழுக்கும் பொருள்களில் மட்டும் தலைகீழ். 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர், பெட்ரோல் எல்லாம் இதில் அடக்கம். விலை குறைவு, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், கேள்வி கேட்க ஆளில்லை.

தமிழ்நாட்டில் பள்ளி வயதில் முதலில் வருவது பெரும்பாலும் புகையிலைதான்: ஹான்ஸ், உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் பொட்டலம். அப்புறம் பீர், கஞ்சா. அதற்கும் மேலே இப்போது கவலை தருவது வலி மாத்திரை, குறிப்பாக டாபென்டடால். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். மாத்திரையில் மருந்தோடு கலந்திருக்கும் மாவுப் பொருள் தண்ணீரில் கரையாது. ரத்தக் குழாயை அடைக்கும், ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இரண்டும் தொற்றலாம்.

"பார்த்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கண் சிவந்திருப்பது கஞ்சாவாலும் இருக்கலாம், ராத்திரி முழுக்க மொபைல் பார்த்ததாலும் இருக்கலாம். பொருளுக்குப் பொருள் அடையாளம் மாறும். கஞ்சாவில் கண் சிவப்பு, வாய் வறட்சி, திடீர்ப் பசி. வலி மாத்திரையில் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், உட்கார்ந்தபடியே தலை தொங்கும், உடம்பு அரிக்கும், மலச்சிக்கல் வரும். சொல்யூஷனில் மூக்கையும் வாயையும் சுற்றித் தடிப்பு, சட்டையில் ரசாயன வாடை, பையில் பிளாஸ்டிக் கவரும் துணியும். கூல் லிப்பில் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே வெள்ளைத் திட்டு.

கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமான வழி கேட்பது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவாக்கி, பல நாடுகளில் பயன்படுத்தும் ஆறு கேள்விகள் உண்டு. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, அல்லது நீயே ஓட்டினாயா? மனசு லேசாக வேண்டும், கூட்டத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எடுக்கிறாயா? தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா? எடுத்தபின் நடந்தது மறந்துபோகிறதா? குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பர்களோ சொன்னதுண்டா? அதனால் ஏதாவது வம்பில் மாட்டினாயா? இரண்டுக்கு "ஆமாம்" என்றால் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை தேவை. இதைப் பெற்றோர் கேட்டால் உண்மை வராது. டாக்டரோ கவுன்சிலரோ தனியாகக் கேட்கட்டும்.

"மெடிக்கல்ல கிட் வாங்கி வீட்டிலேயே யூரின் டெஸ்ட் பண்ணிடலாமா?"

வேண்டாம் என்பதே எங்கள் பதில். முதல் காரணம் தவறான முடிவு. ஓபியம் வகைக்கான சாதாரணப் பரிசோதனைப் பட்டை மார்ஃபின், கோடீன் போன்றவற்றைத்தான் காட்டும். டாபென்டடால், டிரமடால் அதில் தெரியாது. அதாவது இன்று பரவலாக இருக்கிற மாத்திரையையே அது தவறவிடும், நீங்களும் "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடுவீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்த பையன் மாட்டிக்கொள்வான். சொல்யூஷன் எதிலும் தெரியாது. கஞ்சா ஒருமுறை இழுத்தால் மூன்று நான்கு நாள் தெரியும், தினமும் இழுத்தவனுக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை தெரியலாம். அவன் உண்மையாகவே நிறுத்தியிருந்தாலும் பட்டை அவனைப் பொய்யன் ஆக்கும்.

இரண்டாவது காரணம், திருட்டுத்தனமாக எடுத்த பரிசோதனை தெரியவந்த நாளிலிருந்து பேச்சு நின்றுவிடும். சிகிச்சையின் பகுதியாக, அவன் சம்மதத்தோடு, மருத்துவமனையில் செய்வது வேறு விஷயம்.

"கஞ்சா மூலிகைதானே? சிகரெட்டை விட நல்லதுன்னு சொல்றானே?"

செடியிலிருந்து வருவது என்பதால் மூளை அதை வேறு மாதிரி நடத்துவதில்லை. ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், 50 முறைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் திசையை மாற்றவில்லை. தினமும் வீரியம் கூடிய கஞ்சா எடுப்பவர்களுக்கு அபாயம் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிவுத்திறன் குறையுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வு 2012-ல், பதின்பருவத்தில் தொடங்கி விடாமல் எடுத்தவர்களுக்கு ஐக்யூ 8 புள்ளி வரை குறைந்ததாகச் சொன்னது. இரட்டையரை ஒப்பிட்ட 2016 ஆய்வு, அந்தக் குறைவுக்குக் குடும்பச் சூழலும் காரணமாகலாம் என்றது. பிள்ளையிடம் பேசும்போது இதை மிகைப்படுத்த வேண்டாம். அவனும் இணையத்தில் தேடிப் படிப்பான். நீங்கள் சொன்ன ஒன்று தப்பென்று தெரிந்தால் மீதி ஒன்பதையும் நம்ப மாட்டான்.

"சொல்யூஷன் முகர்றான். அது அவ்வளவு ஆபத்தா?"

முதல் தடவையிலேயே உயிரைப் பறிக்கக் கூடியது இது. டொலுவீன் போன்ற கரைப்பான்கள், பயத்திலும் ஓட்டத்திலும் சுரக்கும் அட்ரினலினுக்கு இதயம் அளவுக்கு மீறித் துள்ளும்படி செய்துவிடும். அந்த நேரத்தில் திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். அதனால் இழுத்துக்கொண்டிருக்கும் பையனைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், பிடித்து உலுக்காதீர்கள். ஆசிரியர்களும் காவலர்களும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மெதுவாகப் பேசி, பையை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினால் 108.

நாள்பட்டால் நடை தள்ளாடும், ஞாபகம் மங்கும், கைகால் மரத்துப்போகும். இதற்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லை. ஆலோசனையும், குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சையும், பள்ளிக்குத் திரும்புவதும்தான் வழி.

"நாலு அறை விட்டா ஒத்துக்குவான். கேட்டா பொய் சொல்றான். எப்படித்தான் பேசறது?"

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மறுநாள், அம்மா அப்பா இரண்டு பேரும் முன்கூட்டியே ஒரே முடிவுக்கு வந்துவிட்டு, ஒருவர் மட்டும் பேசுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பட்டம் கட்டாதீர்கள். "நேத்து ராத்திரி வரும்போது உன்னால நிக்க முடியல. எனக்குப் பயமா இருக்குடா. என்ன நடந்துச்சுன்னு சொல்லு, நான் குறுக்கே பேசல" என்பது போதும். "குடும்ப மானத்தை வாங்கிட்டே" என்று தொடங்கினால் அவன் மானத்துக்குப் பதில் சொல்லுவான், மாத்திரைக்குப் பதில் வராது.

அடித்தால் ஒத்துக்கொள்வான்தான். அதோடு வீட்டில் எடுப்பதை வெளியில் மாற்றிக்கொள்வான், அதுவும் யாரும் காப்பாற்ற இல்லாத இடத்தில்.

"டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறான். அவன் வராம நாங்க மட்டும் போய் என்ன செய்ய?"

நீங்கள் மட்டும் போவதே பயனுள்ளது என்று ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறையில் குடும்பத்தாருக்குத்தான் பயிற்சி. 1999-ல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பங்கள் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். கிராஃப்ட் பயிற்சி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் உறவினரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். எல்லோரும் சூழ்ந்து உட்கார்ந்து எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம், குடும்பத்தார் தங்கள் மனதை மட்டும் தேற்றிக்கொள்ளும் முறையில் 13 சதவீதம். அதில் இருந்தவர்கள் பெரியவர்கள். ஆனாலும் செய்முறை பிள்ளைகளுக்கும் ஒத்துவருகிறது.

செய்முறை இதுதான். எந்த நேரத்தில், யாரோடு, எதன் பிறகு எடுக்கிறான் என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். தெளிவாக வீட்டில் இருக்கும் நேரத்தை அவனுக்குப் பிடித்தமாக்குங்கள்: பிடித்த சாப்பாடு, கூட உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது. போதையில் வந்தால் சண்டையும் இல்லை, உபசரிப்பும் இல்லை, தள்ளி நில்லுங்கள். அவனுக்காகப் பொய் லீவ் லெட்டர் எழுதுவதையும் கடன் அடைப்பதையும் நிறுத்துங்கள். அவனே வருந்துகிற ஒரு நாள் வரும், அப்போது "நாளைக்குக் காலையில போலாமா" என்று கேட்க முன்பதிவு தயாராக இருக்கட்டும். அந்த மனநிலை ஒரு வாரம் காத்திருக்காது.

"முதல்ல எங்கே போகணும்? நிறைய செலவாகுமா?"

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, புறநோயாளியாகப் போகலாம், கட்டணம் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களில், சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று.

போனில் கேட்க வேண்டுமானால்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழக சுகாதார உதவி எண் 104, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098.

"மூணு மாசம் உள்ளே வச்சாதான் திருந்துவாங்கறாங்க. சேர்த்துடலாமா?"

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புறநோயாளிச் சிகிச்சையே போதும். தற்கொலை எண்ணம், வலிப்பு அபாயம், ஊசிப் பழக்கம், கூடவே கடுமையான மனநோய், அல்லது பாதுகாப்பில்லாத வீடு, இவை இருந்தால்தான் உள்நோயாளியாகச் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும். ஆராய்ச்சி சொல்லும் "மூன்று மாதம்" என்பது சிகிச்சையோடு தொடர்பில் இருக்கும் காலம், பூட்டிவைக்கும் காலம் அல்ல. 90 நாளுக்குக் குறைந்த தொடர்பு அதிகம் பலன் தருவதில்லை என்பதுதான் அதன் பொருள். இந்தக் குழப்பத்தில்தான் பல குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன.

பழக்கம் ஆழமில்லாத பையனைக் கடும் பழக்கத்தில் உள்ளவர்களோடு ஒரே அறையில் போட்டால் நிலைமை மோசமாகலாம். தப்புத் தண்டாவில் இறங்கிய பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துக் குழுப் பயிற்சி கொடுத்தபோது சிலருக்குப் புகையிலையும் சேட்டையும் கூடியதை டிஷன், மெக்கார்ட், புலின் மூவரும் 1999-ல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது.

சேர்த்தே ஆக வேண்டும் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் மையம் பதிவாகியிருக்கிறதா? 18 வயதுக்கு உட்பட்டவரைச் சேர்க்க இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவர் அல்லது மனநலப் பணியாளரும், தனித்தனியே பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. "மூணு மாசம் பார்க்க வரக் கூடாது, போன் பேசக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

"அப்போ சிகிச்சைன்னு என்னதான் செய்வாங்க? வெறும் பேச்சுதானா?"

பேச்சுதான், ஆனால் முறையான பேச்சு. முதலில் அவனுக்கே மாற வேண்டும் என்ற எண்ணம் எழுவதற்கான இரண்டு சந்திப்புகள். பிறகு தூண்டும் சூழலை அடையாளம் காண்பது, நண்பன் நீட்டும்போது மறுக்கப் பழகுவது, கோபத்தையும் தூக்கமின்மையையும் போதை இல்லாமல் சமாளிப்பது. இன்னொரு பக்கம் குடும்பச் சந்திப்புகள். அமெரிக்காவில் கஞ்சா பழக்கமுள்ள 600 பதின்பருவத்தினரிடம் ஐந்து வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். எல்லா வகையிலும் பிள்ளைகள் தேறினார்கள், வகைகளுக்குள் பெரிய வித்தியாசமில்லை, வெறும் ஐந்து சந்திப்புகள் கொண்ட எளிய முறையும் ஈடுகொடுத்தது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய மறுபக்கமும் அதிலேயே இருக்கிறது: ஓராண்டு முடிவில் முழுமையாக மீண்டிருந்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். மற்றவர்கள் குறைத்திருந்தார்கள், விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு வாரமும் சின்னப் பரிசு தரும் முறைக்கும் நல்ல சான்று உண்டு. "காசு கொடுத்துத் திருத்தறதா?" என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ரீசார்ஜ், கிரிக்கெட் பந்து, ஒரு சினிமா அளவில் இருந்தால் போதும். சொன்னபடி அன்றைக்கே கொடுப்பது முக்கியம்.

மருந்துகளில் ஒன்று: 2012-ல் 15 முதல் 21 வயதுள்ள 116 பேரிடம், கஞ்சாவை நிறுத்த அசிட்டைல்சிஸ்டின் மாத்திரை உதவியதாக ஓர் ஆய்வு சொன்னது. 2017-ல் பெரியவர்கள் 302 பேரிடம் பார்த்தபோது பலனில்லை. இணையத்தில் படித்துவிட்டு நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

"மாத்திரைக்கு அடிமையானவனுக்கு இன்னொரு மாத்திரையா? இது என்ன நியாயம்?"

வலி மாத்திரை, ஹெராயின் பழக்கத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் தருவார்கள். அது மூளையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்து ஏக்கத்தையும் உடல் வேதனையையும் அடக்குகிறது. ஓரளவுக்கு மேல் போதை ஏறாது, மூச்சை அடக்கும் அபாயமும் குறைவு. சரியான அளவில் எடுப்பவன் கல்லூரிக்குப் போகலாம், வேலை செய்யலாம்.

2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 15 முதல் 21 வயதுள்ள 152 பேரில் ஒரு பாதிக்கு 14 நாளில் நச்சு நீக்கம், அதாவது மருந்தைச் சீக்கிரம் குறைத்து நிறுத்துவது, மறுபாதிக்கு 12 வாரம் பியூப்ரினார்ஃபின்-நலோக்சோன். எட்டாவது வாரம் சிறுநீரில் போதை தெரிந்தது முதல் குழுவில் 54 சதவீதம், இரண்டாவதில் 23 சதவீதம். ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு மருந்தைக் குறைத்துக்கொண்டே போய் 12-ல் நிறுத்தியபோது 51-க்கு 43 என்று வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. "சீக்கிரம் நிறுத்திடுங்க டாக்டர்" என்று அவசரப்படுத்தும் பெற்றோர் இந்த எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். எப்போது குறைப்பது என்பதை மருத்துவரும் பையனும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

நால்ட்ரெக்சோன் வேறு வகை, போதை மாத்திரை மூளையில் வேலை செய்யாமல் தடுப்பது. கடைசியாகப் போதை எடுத்து 7 முதல் 10 நாள் ஆன பிறகே தொடங்க வேண்டும். முன்னதாகக் கொடுத்தால் அத்தனை வேதனையும் ஒரே மணி நேரத்தில் பொங்கிவிடும்.

"அவனுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கற மருந்து இருக்காமே?"

சுவரொட்டியிலும் செல்போன் விளம்பரத்திலும் வரும் இந்தப் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் கலந்திருந்தால், தெரியாமல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். அந்த மாத்திரையை மருத்துவர் தருவது, நோயாளி முழுசாகத் தெரிந்து சம்மதித்த பிறகுதான். குடிக்கு மட்டும்தான், கஞ்சாவுக்கோ மாத்திரைக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை.

"ரூம்ல பூட்டி ஒரு வாரம் வச்சா தானா நின்னுடாதா?"

பொருளைப் பொறுத்தது. வலி மாத்திரையை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சல், கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு வரும். இரண்டு மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரத்தில் தணியும், தூக்கம் திரும்பப் பல வாரம் ஆகும். உயிருக்கு நேரடி ஆபத்து குறைவு, ஆனால் மருந்து இல்லாமல் கடப்பது கொடுமை, தப்பி ஓடச் செய்வதும் அதுதான். கஞ்சாவை விட்டால் எரிச்சல், பசியின்மை, கெட்ட கனவுகள் முதல் வாரம் உச்சத்தில் இருக்கும். இதை "திமிர்" என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவதால் கெட்ட வீடுகள் பல.

தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர், தூக்க மாத்திரையான நைட்ரசெபாம், அல்பிரசோலாம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். குடியில் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இவர்களை வீட்டில் பூட்டிவைப்பது ஆபத்து, மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

"ஒருநாள் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கலைன்னா?"

உதடு நீலம், குறட்டை போல இழுபறி மூச்சு, கண்மணி ஊசிமுனை: இது தூக்கம் அல்ல. 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல் காலை மடக்கி முட்டி தரையில் ஊன்றட்டும், தலை சற்றுப் பின்னால். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சை எதையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் போடும், மாத்திரையின் வேலையை முறிக்கும் நலோக்சோன் ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். கண் விழித்துவிட்டான் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்தால் மறுபடி மயங்கலாம்.

மிக ஆபத்தான நேரம் சிகிச்சை முடிந்தோ ஜாமீனிலோ வெளியே வந்த முதல் சில வாரங்கள். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அவன் பழைய அளவையே எடுப்பான்.

"டாக்டர்கிட்ட சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடுமா?"

ஆகாது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 சட்டப்படி மருத்துவரின் கடமை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, எடுத்த குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் இருப்பவர் தானே முன்வந்து அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில்.

பையன்களுக்குத் தெரியாத ஒன்று: "பிரெண்டுக்கு வாங்கிக் கொடுத்தேன்" என்பது எடுத்த குற்றம் அல்ல, அதைவிடப் பெரியது. பிள்ளைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுத்தவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. விற்பவரைப் பற்றிச் சொல்ல 10581.

"ஸ்கூல்ல மாட்டிக்கிட்டான். டிசி கொடுத்துட்டா மத்த பசங்க தப்பிப்பாங்கல்ல?"

பள்ளியோடு பிடிப்பு இருப்பதே போதையிலிருந்து காக்கும் வலுவான கயிறுகளில் ஒன்று என்று தொடர் ஆய்வுகள் சொல்கின்றன. டிசி கொடுத்தால் அந்தக் கயிற்றை நாமே அறுக்கிறோம். விற்றவன் என்றால் தனி நடவடிக்கை தேவைதான். எடுத்தவனைப் பெற்றோரை அழைத்து, கவுன்சிலரிடம் அனுப்பி, வருகைப் பதிவைக் கவனித்து, வகுப்பிலேயே வைத்திருங்கள்.

"ஒரு விழிப்புணர்வுக் கூட்டம், ஒரு பேரணி, உறுதிமொழி... போதாதா?"

போதாது. 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய டேர் திட்டத்தில் காவலர்கள் வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். ஆய்வு மேல் ஆய்வாகத் தொகுத்துப் பார்த்ததில் பயன் ஏறக்குறைய பூஜ்யம். பயமுறுத்தும் படங்களும் அப்படித்தான்.

பலன் தந்த ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது. 2004 முதல் 2006 வரை டெல்லி, சென்னையில் 32 பள்ளிகளில் 6, 8-ஆம் வகுப்புகளில் மைத்ரி என்ற புகையிலைத் தடுப்புத் திட்டம். மாணவர்களிலிருந்தே தலைவர்கள், வகுப்புச் செயல்பாடுகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சல் அட்டை என்று இரண்டு ஆண்டு தொடர்ந்தார்கள். திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் ஏறியது, நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் இறங்கியது.

ஐஸ்லாந்து இன்னும் தூரம் போனது. அங்கே 15, 16 வயதினரில் கடந்த மாதம் போதையேறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் குடும்பங்களுக்கு அரசுப் பணம், இரவு வெளியே இருக்க நேரக் கட்டுப்பாடு, பெற்றோர்களுக்குள் ஒப்பந்தம். சிறிய நாடு, பணக்கார நாடு, அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது. ஆனால் நம் அரசுப் பள்ளிகளில் மாலை நான்கரை முதல் ஆறரை வரை மைதானத்தைத் திறந்து வைப்பதற்குப் பேரணி அளவுக்குக்கூடச் செலவாகாது.

"இந்த ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவுலதானே? நம்ம ஊருக்கு எப்படிப் பொருந்தும்?"

நியாயமான கேள்வி. இந்தியப் பதின்பருவத்தினரின் சிகிச்சை பற்றி நல்ல தரமான ஆய்வுகள் மிகக் குறைவு. பெரியவர்களிடம் நடந்த கோவா ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, அதிகம் குடிக்கும் 377 ஆண்களில் சுமார் பாதிப் பேரிடம் நான்கே சந்திப்புகள் வரை பேச வைத்தார்கள். 2017-ல் வெளியான முடிவில், மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது கடந்த இரண்டு வாரமும் குடிக்காமலே இருந்தவர்கள் பேச்சு கிடைத்த குழுவில் 42 சதவீதம், மற்றதில் 18 சதவீதம். சிறப்பு மருத்துவர் இல்லாத ஊரிலும் தொடங்க முடியும் என்பது இதில் தெரிகிறது. 2019 தேசிய ஆய்வின்படி குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. நமக்கு இது தேவைப்படுகிற அளவு அதுதான்.

"நாலு மாசம் நல்லா இருந்தான், மறுபடி ஆரம்பிச்சுட்டான். எல்லாம் வீணா?"

600 பேர் ஆய்வைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். விழுந்து எழுவதுதான் வழக்கமான பாதை. முதல் கேள்வி "ஏன் செய்தாய்" அல்ல, "எப்போது, யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது". பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: பழைய கூட்டம், சண்டை, தூக்கமில்லாத இரவு. மன அழுத்தமோ கவனக்குறைவுக் கோளாறோ கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் திரும்பத் திரும்ப விழுவான். மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். கவனக்குறைவுக்கு மாத்திரை கொடுத்தால் அதுவே போதைக்கு இழுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். 2013-ல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரைப் பழக்கம் என்றால் அன்றைக்கே, ஏனென்றால் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

"எப்போதான் குணமாயிட்டான்னு சொல்லலாம்?"

மருத்துவ அளவுகோல்படி, பொருளின் மீது வரும் ஏக்கத்தைத் தவிர மற்ற அறிகுறிகள் எதுவும் 3 மாதம் இல்லை என்றால் ஆரம்ப நிலை மீட்சி, 12 மாதம் இல்லை என்றால் நிலைத்த மீட்சி. ஏக்கம் மட்டும் அதன் பிறகும் தலைகாட்டலாம், அது கணக்கில் சேராது. முதல் மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஓராண்டு வரை மாதம் ஒருமுறை என்று போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவரும். பரீட்சை முடிந்த வாரம், ஊர்த் திருவிழா, கல்லூரி விடுதியில் சேரும் மாதம், இந்த மூன்றுக்கும் முன்னாலேயே ஒரு கூடுதல் சந்திப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.